காப்புரிமை பெறாத கண்டுபிடிப்பு

அறிவு யாருடைய சொத்து என்ற வினாவைப் பொருளியல் வகுப்பில் எடுத்தாளும்போதெல்லாம், இயற்பியலாளர் ஜான் வின்சென்ட் அட்டனசாஃபின் வாழ்க்கையையே நான் சான்றாகச் சொல்வதுண்டு.

பல்கேரியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவரின் மகனாக 1903-இல் பிறந்த அவர், 1930-இல் ஹீலியத்தின் மின்பண்பு குறித்த ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வுக்காக மேசைக் கணக்கு இயந்திரத்துடன் பட்ட பாடுதான் அவரைக் கணினியின் பக்கம் திருப்பியது. அயோவா மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது, 1939-இல் 650 டாலர் நிதியுதவி பெற்று, மாணவர் கிளிஃபோர்ட் பெர்ரியின் துணையுடன் ஓர் இயந்திரத்தை உருவாக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 300 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அது, இரும எண்முறையில் 29 மாறிகள் வரையிலான சமன்பாடுகளைத் தீர்ப்பதற்காக வடிவமைக்கப்பட்டது.

1941-இல் ஜான் மாக்லி என்ற மற்றோர் இயற்பியலாளர் அங்கு வந்து, சில நாள்கள் தங்கி அதனைப் பார்த்துச் சென்றார். மறு ஆண்டு, போர்க்காலப் பணிக்காக அட்டனசாஃப் கடற்படை ஆய்வகத்துக்குச் சென்றுவிட்டார். கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று நம்பப்பட்ட காப்புரிமை விண்ணப்பம் தாக்கல் செய்யப்படவே இல்லை. இயந்திரமும் பின்னாளில் பிரித்துப் போடப்பட்டது. மாக்லியும் எக்கெர்ட்டும் உருவாக்கிய எனியாக் 1946-இல் உலகப் புகழ் பெற்றது. 1964-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

அக்காப்புரிமையைக் கொண்டு ஸ்பெரி ராண்ட் நிறுவனம் பிற நிறுவனங்களிடம் உரிமத்தொகை கோரியது. ஹனிவெல் நிறுவனம் வழக்காடியது. 1973 அக்டோபர் 19-இல் நீதிபதி ஏர்ல் லார்சன் காப்புரிமை செல்லாது எனத் தீர்ப்பளித்தார். அடிப்படைக் கருத்து அட்டனசாஃபிடமிருந்து பெறப்பட்டது என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. மறுநாளே வாட்டர்கேட் விவகாரம் உச்சத்தை எட்டியதால், இத்தீர்ப்பு பொதுமக்களின் கவனத்தைப் பெறவில்லை.

எனியாக்கின் பெருமையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அது பல்வகைக் கணக்குகளுக்கும் பயன்பட்டது. அட்டனசாஃபின் இயந்திரமோ ஒரே வகைக் கணக்குக்கானது. ஆயினும், 17 ஆண்டுக் காப்புரிமை நிலைத்திருந்தால், 1981 வரை கணினி தயாரிப்போர் ஒரே நிறுவனத்துக்குக் கப்பம் கட்ட நேர்ந்திருக்கும். தீர்ப்பால் அக்கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாயிற்று. சிறு நிறுவனங்களும் அத்துறையில் துணிந்து இறங்க வழி பிறந்தது.

1990-இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்ற அட்டனசாஃப், 1995-இல் மறைந்தார். கண்டுபிடிப்பின் பயன் சமூகத்துக்குச் சேர வேண்டும். பெருமை கண்டுபிடித்தவருக்குச் சேர வேண்டும். முன்னது நீதிமன்றத்தால் நிறைவேறியது. பின்னது, தம் ஆசிரியர்களின் ஆய்வுகளை உரிய காலத்தில் பதிவு செய்ய வேண்டிய கல்வி நிறுவனங்களின் கடமை. அக்கடமை தவறியதால் அட்டனசாஃப் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது.