இருளில் நின்ற சிறுமலர்

புனிதர்களின் சுரூபங்களைக் கோவிலில் பார்த்துப் பார்த்து நம் மனத்தில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அவர்களுக்கு விசுவாசம் பிறவியிலேயே வாய்த்துவிட்டது, சந்தேகம் அவர்கள் வாசற்படியை மிதித்ததே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிலுவையையும் ரோஜா மலர்களையும் மார்போடு அணைத்துப் புன்னகை பூத்து நிற்கும் சிறுமலர் தெரேசம்மாளைப் பார்க்கும்போது அந்த எண்ணம் இன்னும் வலுப்படுகிறது. ஆனால் அந்தப் புன்னகைக்குப் பின்னால், வாழ்வின் கடைசிப் பதினெட்டு மாதங்கள், மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற கேள்வி அவரை வாட்டி எடுத்தது. இதை அறிந்தவர்கள் நம்மில் சிலரே. பதினைந்து வயதில் மடம் புகுந்து, இருபத்துநான்கு வயதில் மறைந்த அந்தப் பெண்ணின் வரலாற்றை இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் அலான்சோன் என்னும் ஊரில் 1873 ஜனவரி 2-ஆம் நாள் தெரேசா பிறந்தாள். தந்தை லூயி மார்த்தேன் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி அம்மையார் அவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்த லேஸ் பின்னும் தொழிலைத் திறம்பட நடத்தியவர். பிறந்த ஒன்பது குழந்தைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்துபோயினர். எஞ்சியவர்கள் மரி, பொலின், லெயோனி, செலின், தெரேசா என்னும் ஐந்து பெண்கள். கடைக்குட்டியான தெரேசா எல்லோருக்கும் செல்லம். ஆனால் 1877 ஆகஸ்டு 28-ஆம் நாள் தாய் மார்புப் புற்றுநோயால் இறந்தார். அப்போது தெரேசாவுக்கு நாலரை வயது. மாமா மருந்துக்கடை வைத்திருந்த லிசியே நகருக்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. கலகலப்பாக இருந்த குழந்தை, தொட்டதற்கெல்லாம் கண்ணீர் விடும் பிள்ளையாக மாறினாள். இரண்டாம் அக்காள் பொலினையே தாயாக வரித்துக்கொண்டாள்.

எட்டரை வயதில் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தாள். அங்கே தன்னைவிட வயதில் மூத்த பெண்களோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. நன்றாகப் படித்ததே வினையாயிற்று. பொறாமை கொண்ட பெண்ணொருத்தி அவளைப் பலவாறு துன்புறுத்தினாள். தெரேசா யாரிடமும் சொல்லாமல் தனியே அழுதாள். பள்ளி நாட்களே தன் வாழ்வின் துயரமான நாட்கள் என்று பிற்காலத்தில் எழுதிவைத்தார். பள்ளிக்கூடம் கசக்கும் தங்கைமார் நம்மிடையே இருந்தால், ஒரு புனிதையும் அப்படித்தான் இருந்தார் என்று அறிந்து ஆறுதல் கொள்ளலாம்.

1882 அக்டோபரில் பொலின் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தாள். இரண்டாம் முறை தாயை இழந்த தெரேசா, அடுத்த ஆண்டு இன்னதென்று மருத்துவர்களால் சொல்ல முடியாத நோயில் விழுந்தாள். 1883 மே 13-ஆம் நாள், படுக்கை அருகே இருந்த தேவதாயின் சுரூபம் தன்னை நோக்கிப் புன்னகை செய்யக் கண்டாள். நோய் நீங்கியது. கதை இத்துடன் இனிதாக முடிந்திருக்கலாம். ஆனால் செய்தி மடத்துக் கன்னியரின் காதுக்கு எட்டியது. அவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். தான் கண்டது உண்மைதானா, ஒருவேளை பொய் சொல்லிவிட்டோமோ என்ற கலக்கம் பத்து வயதுச் சிறுமியின் உள்ளத்தில் புகுந்தது. சுமார் நான்கு ஆண்டுகள் அது அவளை விட்டு நீங்கவில்லை. பெற்ற வரத்தைப் பற்றியே சந்தேகம்! 1884-இல் புதுநன்மை வாங்கி மகிழ்ந்தவள், அடுத்த ஆண்டே எதைச் செய்தாலும் பாவமோ என்று அஞ்சும் வீண் மனக்கலக்கத்துக்கு ஆளாகி ஒன்றரை ஆண்டுகள் தவித்தாள்.

திருப்பம் 1886 கிறிஸ்மஸ் இரவில் வந்தது. நடுச்சாமப் பூசை முடிந்து வீடு திரும்பினார்கள். அடுப்பங்கரையில் வைத்த காலணிக்குள் பரிசுகள் காத்திருப்பது அந்நாட்டுக் குழந்தைகளின் வழக்கம். களைத்திருந்த தந்தை, இந்தக் குழந்தை விளையாட்டு இந்த ஆண்டோடு ஒழிந்தது என்று சலிப்போடு முணுமுணுத்தார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் அது விழுந்தது. இனி அவ்வளவுதான், விடிய விடிய அழுகைதான் என்று செலின் நினைத்தாள். தெரேசாவோ கண்ணீரை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து, ஒன்றும் நடவாதது போலப் பரிசுகளைப் பிரித்துத் தந்தையைச் சிரிக்க வைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் மிகச் சிறிய நிகழ்ச்சி. ஆனால் தன்னைப் பற்றியே நினைத்து அழுத சிறுமி, பிறரை நினைக்கத் தொடங்கிய நாள் அது. தன் மனமாற்றம் அன்றுதான் நடந்தது என்று அவர் சொல்லிவந்தார்.

1887-இல் மூன்று பேரைக் கொன்றதாகத் தீர்ப்புப் பெற்ற பிரான்சினி என்பவன் பாரிசில் தூக்குமேடைக்கு ஒப்பான கில்லட்டினை எதிர்நோக்கியிருந்தான். அவன் மனம் வருந்தவில்லை என்று கேள்விப்பட்ட தெரேசா அவனுக்காக இடைவிடாமல் மன்றாடினாள். ஆகஸ்டு 31-ஆம் நாள், கத்தியின் கீழ் தலை வைக்குமுன் அவன் திடீரெனத் திரும்பிப் பாடுபட்ட சுரூபத்தை முத்தமிட்டான் என்று செய்தித்தாள் கூறியது. அவனைத் தன் முதல் பிள்ளை என்றே அவள் கருதினாள்.

கார்மேல் மடம் புக அவளுக்கு வயது போதாது என்றார்கள். தந்தையோடு உரோமைக்கு யாத்திரை சென்றவள், 1887 நவம்பர் 20-ஆம் நாள் 13-ஆம் சிங்கராயர் பாப்பரசரின் பாதத்தருகே முழந்தாளிட்டுத் துணிந்து அனுமதி கேட்டாள். ஆண்டவர் சித்தமானால் நடக்கும் என்ற பதிலே கிடைத்தது. காவலர்கள் அவளைத் தூக்கி அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. இறுதியில் ஆயரின் அனுமதி கிடைத்து, 1888 ஏப்ரல் 9-ஆம் நாள் மடத்தின் கதவு திறந்தது.

கதவுக்கு அப்பால் இன்பமயமான வாழ்வு காத்திருக்கவில்லை. செபத்தில் வறட்சி, தியான நேரத்தில் தூக்கம். புயலடித்த படகில் ஆண்டவர் உறங்கியதை நாம் நற்செய்தியில் வாசிக்கிறோம் அல்லவா? தன் படகிலும் அவர் உறங்குகிறார், உறங்கட்டும், எழுப்ப வேண்டாம் என்று அவர் தேறிக்கொண்டார். 1889 பிப்ரவரியில் அன்புத் தந்தை மனநோய் கண்டு கான் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே மூன்றாண்டுகள் இருந்தார். இத்தனை துன்பத்திலும் தெரேசா 1890 செப்டம்பர் 8-ஆம் நாள் வார்த்தைப்பாடு கொடுத்தார்.

பெரிய தவங்கள் செய்யத் தம்மால் இயலாது என்று கண்ட அவர், வேதாகமத்தில் வழி தேடினார். சிறியவர்களை அழைக்கும் நீதிமொழி ஆகமத்தின் வாக்கும், தாய் தன் மகவைத் தேற்றுவது போல இறைவன் தேற்றுவார் என்னும் இசையாஸ் ஆகமத்தின் போதனையும் அவர் கண்ணில் பட்டன. அந்நாளில் பணக்காரர் வீடுகளில் புதிதாக வந்திருந்த லிப்டு அவர் நினைவுக்கு வந்தது. படியேறத் தெரியாத குழந்தையைத் தூக்கிச் செல்லும் லிப்டு, இயேசுவின் கரங்களே என்று கண்டார். இதுவே அவருடைய சிறு வழி. துணி துவைக்கும்போது அழுக்கு நீரை முகத்தில் தெளித்த சகோதரியிடம் முகம் சுளிக்காதிருப்பது, தியான நேரத்தில் பின்னால் ஓயாமல் சத்தம் செய்தவரைத் திரும்பிப் பாராதிருப்பது, மனத்துக்குப் பிடிக்காத சகோதரியிடம் கூடுதல் அன்பு காட்டுவது ஆகியவை அந்த வழியின் படிகள்.

1896 பெரிய வியாழன் இரவு முடிந்து பெரிய வெள்ளி பிறக்கும் வேளையில் அவர் வாயிலிருந்து இரத்தம் வந்தது. காசநோய்! விரைவில் மோட்சம் சேர்வோம் என்று அவர் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி சில நாட்களே நீடித்தது. உயிர்ப்புத் திருநாட்களிலேயே உள்ளத்தில் இருள் கவிந்தது. அதுவரை, விசுவாசம் இல்லாதவர்கள் உண்மையில் இருக்க முடியும் என்றே அவர் நம்பியதில்லை. அவர்கள் மனத்துக்கு விரோதமாகப் பேசுகிறார்கள் என்று எண்ணியிருந்தார். இப்போது அந்த மனநிலை எத்தகையது என்று உள்ளிருந்தே அறிந்தார். மோட்சத்தை நினைக்கும்போதெல்லாம், சாவுக்குப் பின் ஒன்றுமே இல்லை என்று ஒரு குரல் ஏளனம் செய்வது போல் இருந்தது. வானம்வரை எழும்பிய மதில் ஒன்று தமக்கும் விண்ணகத்துக்கும் நடுவே நிற்பதாக உணர்ந்தார்.

அவர் என்ன செய்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, சோதனை வரும்போதெல்லாம் ஆண்டவரிடம் ஓடினார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சருகே வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் செய்ததைவிட அதிகமான விசுவாச முயற்சிகளை அந்த ஓராண்டில் செய்ததாகக் குறித்திருக்கிறார். விண்ணகத்தைப் பற்றி அவர் இயற்றிய பாடல்களைக் கண்ட சகோதரிகள், அவர் பேரொளியில் திளைப்பதாக எண்ணினார்கள். உண்மையில் தாம் விசுவசிக்க விரும்புவதையே அவர் பாடிக்கொண்டிருந்தார். 1896 செப்டம்பரில், கொரிந்தியருக்குச் சின்னப்பர் எழுதிய முதல் நிருபத்தை வாசித்து, திருச்சபையின் இதயத்தில் அன்பாக இருப்பதே தம் அழைத்தல் என்று கண்டுகொண்டதும் இந்த இருளின் நடுவில்தான்.

1897-இல் ஒரு கசப்பான செய்தி வந்தது. டயானா வாகன் என்ற பெண் மனந்திரும்பியதாகப் பிரான்சு முழுவதும் பேச்சு அடிபட்டது. அவளுக்கு மடத்திலிருந்து கடிதம் போயிற்று. தெரேசா ஜான் தார்க் வேடமணிந்து எடுத்த படமும் போயிற்று. ஏப்ரல் 19-ஆம் நாள் லெயோ தக்சில் என்பவன் பாரிசில் கூட்டம் கூட்டி, அப்படி ஒரு பெண்ணே இல்லை, எல்லாம் தான் கட்டிவிட்ட கதை என்று நகைத்தான். அந்தப் படமும் அங்கே காட்டப்பட்டது. விசுவாசத்தையே கேலிப் பொருளாக்கிய மனிதன்! ஆயினும் அடுத்த சில வாரங்களில் தெரேசா எழுதிய ஏட்டில் கோபம் இல்லை. விசுவாசமற்றோரைச் சகோதரர் என்று அழைத்து, அவர்கள் பந்தியில் தாமும் அமர்ந்து, அவர்கள் ஒளி பெறும்வரை கசப்பான அந்த அப்பத்தை உண்ணச் சம்மதிப்பதாக இறைவனிடம் கூறினார்.

ஜூலை 8-ஆம் நாள் நோயாளர் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டு 19-ஆம் நாள் கடைசி நன்மை வாங்கினார். 1897 செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை, இறைவனை நேசிப்பதாகச் சொல்லி உயிர் விட்டார். மறு ஆண்டு அவருடைய சுயசரிதை 2000 பிரதிகள் அச்சாகி, பின்னர் உலகமெங்கும் பரவியது. 1925 மே 17-ஆம் நாள் 11-ஆம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1927-இல் புனித சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியானார். நமது முத்துக்குளித்துறைக் கரையெல்லாம் கால்தேய நடந்தவர் அவர். மடத்தின் மதிலைத் தாண்டாதவர் இவர். 1997-இல் 2-ஆம் அருள் சின்னப்பர் இவரை மறைவல்லுநராக அறிவித்தார். பெற்றோர் இருவரும் 2015-இல் புனிதராயினர்.

தோழியரே, சந்தேகம் வந்தாலே விசுவாசம் போய்விட்டது என்று நம்மில் சிலர் அஞ்சுகிறோம். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், தன் விசுவாசமும் அவிசுவாசமும் ஒன்றாகக் கலந்திருப்பதை மறைக்காமல் அறிக்கையிட்டான். ஆண்டவர் அவன் பிள்ளையைக் குணமாக்கினார். நீரில் அமிழ்ந்த இராயப்பரைக் கடிந்துகொண்டாலும், முதலில் கையைப் பிடித்துத் தூக்கினார். தோமையாரைத் தள்ளிவிடாமல் காயங்களைக் காட்டினார். சந்தேகித்த மூவரும் ஆண்டவரிடமே போய் நின்றார்கள். தெரேசம்மாளும் அதையே செய்தார்.

நமக்கும் அத்தகைய நாட்கள் வரலாம். வீட்டில் ஒரு மரணம், விடை கிடைக்காத செபம், படித்த நூலில் எழுந்த ஒரு கேள்வி ஆகியவை நம் உள்ளத்தைக் கலக்கலாம். அப்போது கேள்வியை மறைத்து நடிக்கத் தேவையில்லை. அன்னையரிடமோ, பெற்றோரிடமோ, குருவானவரிடமோ மனம் திறந்து சொல்வோம். அன்றைய செபத்தையும், அன்றைய சிறு அன்புச் செயலையும் விடாமல் செய்வோம். வெளிச்சம் தெரியாத வேளையிலும் சிறுமலர் அவ்வாறே செய்தார். அந்த இருளிலேயே அவருடைய அன்பு வளர்ந்தது.