வேடம் முருகன், பாட்டு விடுதலை!

திண்டுக்கல்லை அடுத்த எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம்தான். முருகன் மேடையேறியதும் அப்பா தியாகி விசுவநாததாஸ் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

1886-இல் சிவகாசியில் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் தாஸ். குலத்தைக் காட்டி அவரோடு நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. மக்களோ அவர் பாட்டுக்காகவே கூடினார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் முருகனாக வருவார்; திடீரென மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டு எழும். அந்த வெள்ளைக் கொக்கு யாரென்று கடைசியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவனுக்கும் விளங்கும், காவலுக்கு வந்த போலீசாருக்கும் விளங்கும்! 1876-இன் நாடகச் சட்டம் கையில் இருந்தும், முருகன் கொக்கைப் பாடினால் என்ன செய்வது? ஆனாலும் பிடித்தார்கள். பலமுறை சிறை, வெளியே வந்தால் மீண்டும் மேடை, மீண்டும் அதே பாட்டு.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில், மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

என் அப்பா பிடிப்பதும் சவரக்கத்திதான். சென்ற ஆண்டு கல்லூரி விழா நாடகத்திற்கு நண்பர்கள் அழைத்தபோது, யார் என்ன சொல்வார்களோ என்று ஒதுங்கிக்கொண்டேன். இந்த ஆண்டு பெயர் கொடுத்திருக்கிறேன்.