நாதசுரம் மேடையேறியபோது தெருவில் நின்றவை: திருவாவடுதுறை ராஜரத்தினம் வாழ்வை முன்வைத்து

செஞ்சி வட்டாரத்துத் திருவிழா ஊர்வலங்களில் ஒலிகளுக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. நாதசுரமும் தவிலும் சாமிக்கு அருகில் நிற்கும். பேண்டு வாத்தியம் எட்டச் சென்று கூட்டத்தை நடத்தும். பறைக்குரிய இடமாக ஊர் ஒதுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் சாவு வீட்டு வாசலே. எந்தக் கருவி எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சுருதியோ தாளமோ தீர்மானிக்கவில்லை, சாதி தீர்மானித்தது.

செஞ்சிக் கோட்டையை 1750இல் பிரெஞ்சுப் படையும் 1761இல் ஆங்கிலப் படையும் கைப்பற்றின. ஐரோப்பியப் படைகளோடு வந்த முரசும் ஊதுகொம்பும் பிறகு அரண்மனைக்குள் நுழைந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி மேனாட்டு பேண்டு ஒன்றையே வைத்திருந்தார். அரண்மனைகள் ஓய்ந்த பின் அதே கருவிகள் கல்யாண வீதிக்கு வந்து சேர்ந்தன. இன்று வட மாவட்டங்களில் டிரம்பட்டும் கிளாரினெட்டும் ஏந்தி நடப்பவர்களில் பலர் சேரி இளைஞர்கள். அவர்களுள் தனித்து நின்று வாசித்துத் தெருவையே நிறுத்திவைத்த கலைஞர்கள் உண்டு. இசை வரலாற்று நூல்களில் அவர்களுடைய பெயர்களைத் தேடிப் பயனில்லை.

ஊர்வலத்தில் ஊதும் கலையிலிருந்து புறப்பட்டுத் தன் பெயரை நாடறிய நிலைநாட்டியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம். ஆவணங்கள் அவரைச் சாதிப் பட்டத்தோடு ராஜரத்தினம் பிள்ளை என்றே குறிக்கின்றன. அவர் தலித் அல்லர். இன்று இசை வேளாளர் எனப்படும் சமூகத்தில் பிறந்தவர். ஆயினும் சாதி ஒரு கலைஞனின் உடலை எவ்வாறு வளைக்கிறது, அதை அவன் எவ்வளவு தூரம் நிமிர்த்த முடியும், எங்கே அந்த நிமிர்வு நின்றுவிடுகிறது என்பவற்றை அறிய அவர் வாழ்வு நமக்கு உதவும்.

1898 ஆகஸ்ட் 27 அன்று திருமருகலில் குப்புசாமிக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனும் நாதசுரக் கலைஞருமான நடேசனே அவரை வளர்த்தார். முதலில் கற்றது வாய்ப்பாட்டு. பிடில் வித்துவான் திருக்கோடிக்காவல் கிருஷ்ண அய்யரிடம் அந்தப் பயிற்சி அமைந்தது. அம்மாசத்திரம் கண்ணுசாமியிடம் நாதசுரம் பயின்றார். பின்னாளில் அவர் கருவி பாடுவதுபோல் ஒலித்ததற்கு அந்தத் தொடக்கமே அடிப்படை. திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக அமர்ந்ததால் அவ்வூர்ப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அவர் காலத்து நாதசுரக்காரரின் நிலையை நினைவிற் கொண்டால்தான் அவர் செய்தது விளங்கும். கோயிலிலும் செல்வர் வீட்டிலும் அவர்கள் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். மேலாடை கூடாது, தோளில் கிடக்க வேண்டிய துண்டு இடுப்பில் கட்டப்பட்டிருக்க வேண்டும். செட்டிநாட்டில் கானாடுகாத்தானில் நடந்த ஒரு திருமண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டிருந்ததற்கு எதிர்ப்பு எழுந்ததும், பட்டுக்கோட்டை அழகிரி அவர் பக்கம் நின்று துண்டை எடுக்க விடாமல் தடுத்ததும் சுயமரியாதை இயக்க வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. ஒரு முழத் துணிக்காக ஓர் இயக்கமே வாதாட வேண்டியிருந்த காலம் அது.

ராஜரத்தினம் எந்த இயக்கத்திலும் சேர்ந்து இதை எதிர்க்கவில்லை. அவருடைய எதிர்ப்பு உடையில் இருந்தது. தலையைக் கிராப்பாக வெட்டிக்கொண்டார். பட்டுச் சட்டையும் கோட்டும் அணிந்தார். விரலிலும் காதிலும் வைரம் மின்னியது. பாட்டு வித்துவான்களுக்கு மேடை உண்டென்றால் தனக்கும் உண்டு என்றார், அமர்ந்தே வாசித்தார். நடந்துகொண்டு ஊதும் வழக்கத்தை ஏற்க மறுத்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். சிலர் இதைச் செருக்கு என்றனர். குடியும் முன்கோபமும் அவரிடம் இருந்தது உண்மை. வாக்களித்த கச்சேரிக்கு வராமற் போனதாகவும் கதைகள் உண்டு. ஆனால் இடுப்பில் துண்டு கட்டி நிற்கும்படி பழக்கப்படுத்தப்பட்ட ஒரு மரபிலிருந்து வந்தவர் வைரக் கடுக்கன் அணிவதை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. அண்ணல் அம்பேத்கர் எப்போதும் கோட்டும் சூட்டும் அணிந்து நின்றதன் பொருளை அறிந்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இனி அவர் கருவிக்கு வருவோம். அன்று புழக்கத்தில் இருந்தது திமிரி நாதசுரம்: குட்டையானது, உச்சச் சுருதியில் அலறுவது, வீதிக்கேற்றது. சுத்த மத்திமம் அதில் இயல்பாகச் சரியாக விழாது. உதட்டாலும் மூச்சாலும் வாசிப்பவரே திருத்திக்கொள்ள வேண்டும். நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரி, ராஜரத்தினத்துக்காக நீண்ட குழலில் துளைகளின் இடத்தை மாற்றி மாற்றிச் செதுக்கி, அந்த மத்திமம் பிசகாமல் பேசும் பாரி நாதசுரத்தை உருவாக்கினார். சுருதி தாழ்ந்தது; ஒலி ஆழ்ந்தது; மண்டபத்துக்குள் அமர்ந்து கேட்கத்தக்கதாயிற்று. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தில் இன்றும் அவ்வூரில் இக்கருவி கடையப்படுகிறது; 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கலைஞனின் பெயரோடு கருவி செய்தவரின் பெயரும் நிலைத்திருப்பது நம் இசை வரலாற்றில் அரிது. பறைக்குத் தோல் பதப்படுத்தி இழுத்துக் கட்டும் கைகளில் ஒன்றின் பெயரேனும் இவ்வாறு ஏட்டில் ஏறியிருக்கிறதா?

அவருடைய தோடி ஆலாபனை இசைத்தட்டாக வந்து பரவியது. ஒரே இராகத்தை இரவெல்லாம் வளர்த்துச் செல்லும் ஆற்றல் அவருக்கிருந்தது. மூன்று நிமிடத் தட்டிலோ அதைச் சாறாகப் பிழிந்து தர வேண்டியிருந்தது, இரண்டையும் செய்தார். 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் கவிஞர் காளமேகமாகவே நடித்தார். படம் பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனாலும் ஒரு நாதசுரக் கலைஞரைக் கதைத்தலைவனாகத் திரையில் நிறுத்தும் அளவுக்கு அவர் புகழ் இருந்தது.

அந்தப் புகழ் ஒலித்த தஞ்சை மண் எப்படி இருந்தது? அவருக்குத் தவில் வாசித்தவர்களுள் முதன்மையானவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம். அதே நீடாமங்கலத்தில் 1937 டிசம்பரில் நடந்த காங்கிரஸ் மாநாட்டின் பொதுப் பந்தியில் உட்கார்ந்து உண்ட குற்றத்துக்காகத் தலித் கூலித் தொழிலாளர்கள் அடிக்கப்பட்டனர், தலை மழிக்கப்பட்டது, சாணிப்பால் புகட்டப்பட்டது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகள் நுழைந்தது 1939 சூலை 8 அன்று. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. ஆகவே ராஜரத்தினத்தின் கலை உச்சத்திலிருந்த ஆண்டுகள் பலவற்றில் அவர் வாசித்த கோயில்களின் வாசலைத் தலித்துகள் தாண்ட முடியாது. ஆனால் நாதசுரம் திறந்த வெளிக்கென்று பிறந்த வாத்தியம். மதிலுக்குள் ஊதினால் வயல் தாண்டிக் கேட்கும். நுழைய உரிமையற்றவரின் காதையும் அது தடையின்றிச் சென்றடைந்தது. கருவி சபா மேடைக்கு ஏறியபோது கலைஞருக்கு நாற்காலி கிடைத்தது, ஒலியோ சுவருக்குள்ளும் நுழைவுச் சீட்டுக்குள்ளும் போயிற்று. இந்த இழப்பை அவருடைய வரலாற்றை எழுதுவோர் எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தார் செங்கோலோடு நேருவின் இல்லத்துக்குச் சென்றபோது தில்லியில் ஒலித்தது ராஜரத்தினத்தின் நாதசுரம். 2023இல் அச்செங்கோல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் நிறுவப்பட்டதும் அந்நிகழ்ச்சி மீண்டும் பேசப்பட்டது. குடியரசின் பிறப்புக்கு மடத்தின் செங்கோல் எதற்கு என்ற கேள்வி நமக்குண்டு. அக்கேள்வியின் பாரத்தை அன்று குழலூதியவர் மீது ஏற்ற வேண்டியதில்லை. அதே 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. மூவலூர் இராமாமிர்தம் போன்ற பெண்கள் நெடுங்காலம் போராடிப் பெற்றது அது. ராஜரத்தினத்தின் சமூகத்தில் ஆண்களின் நாதசுரம் கௌரவம் பெற்றதும் பெண்களின் ஆடல் வேறு கைகளுக்குப் போனதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

1955இல் சங்கீத நாடக அகாதமி விருது வந்தது. 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் ராஜரத்தினம் மறைந்தார். அதற்கு ஆறு நாள் முன்னர், டிசம்பர் 6இல், தில்லியில் அம்பேத்கர் மறைந்திருந்தார். அவர் வாசிப்பின் வழியைக் காருகுறிச்சி அருணாசலம் தொடர்ந்தார். 1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அருணாசலத்தின் நாதசுரத்தைக் கேட்காத தமிழர் அரிது. சென்னையில் ஒரு கலையரங்கம் ராஜரத்தினம் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பறைக்கு அப்படி ஒரு பாதை எளிதில் அமையவில்லை. சாவுக்குப் பறையடிப்பதை இழிவென்று மறுத்த ஊர்களில் தலித்துகள் அடியும் ஊர்விலக்கும் பெற்றனர். வைரக் கடுக்கன் அணிந்து மறுப்பதற்கும் பட்டினியை எதிர்நோக்கி மறுப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. பின்னர் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை மேடையில் முழக்கினர். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நாதசுரத்துக்கு அகாதமி விருது கிடைத்து எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

செஞ்சியில் ஒரு சேரிப் பிள்ளை முறையாக இசை கற்க விரும்பினால் அருகிலிருப்பது விழுப்புரத்தின் அரசு இசைப்பள்ளி. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள் இப்பள்ளிகளில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. அந்த ஏழில் பறை இல்லை, டிரம்பட்டும் இல்லை. அண்மையில் அரசு தொடங்கிய நாட்டுப்புறக் கலைப் பயிற்சிகள் பகுதிநேர வகுப்புகளாகவே நடக்கின்றன.