அரண்மனையில் அடைபட்ட ஒளி

தஞ்சைக்குச் செல்லும் தோழர்கள் பெரிய கோயிலைக் காண்பர், அரண்மனையையும் காண்பர், அங்குள்ள சரசுவதி மகால் ஏட்டுக் களஞ்சியத்தைக் கண்டு வியப்பர். வியக்கத் தக்கதுதான்; மறுப்பாரில்லை! ஆனால் அந்தக் களஞ்சியத்தை வளர்த்த மன்னரின் வாழ்வையும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். வாழ்வு மன்னர் சரபோஜியுடையது; அது தரும் பாடமோ பாட்டாளித் தோழர்களே, நம்முடையது!

அவர் பிறந்தது 1777. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க மக்கள் ஆங்கில மன்னனின் ஆட்சியை உதறி எழுந்தனர். அந்த எழுச்சி வானத்திலிருந்து விழவில்லை, ஏட்டிலிருந்து எழுந்தது! ஆட்சி என்பது ஆண்டவன் அளித்த வரமல்ல, மக்கள் இசைந்து ஒப்படைத்த பொறுப்பு என்று இங்கிலாந்தின் லாக் எழுதிவைத்தார். சட்டம் செய்வோனும், அதை நடத்துவோனும், தீர்ப்பு அளிப்போனும் ஒருவனே என்றால் உரிமை பிழைக்காது என்று 1748-இல் விளக்கினார் பிரெஞ்சு நாட்டு மாண்டெஸ்கியூ. மதவெறியின் முகமூடியைக் கிழித்தார் வால்டேர். நாட்டின் தலைமை அதிகாரம் மக்களுடையதே என்று 1762-இல் நிலைநாட்டினார், ஜெனீவா நகரின் கடிகாரத் தொழிலாளி மகன் ரூசோ. பேனா முனையில் பிறந்த கேள்விகள், பெரும் பெரும் அரியணைகளை ஆட்டி வைத்தன!

இங்கே தஞ்சையில் நடந்ததென்ன? 1787-இல் மராட்டிய மன்னர் துளஜா, பத்து வயதுச் சரபோஜியைத் தத்தெடுத்தார், அவ்வாண்டே மறைந்தார். தத்து செல்லுமா? செல்லாது என்றனர் சாஸ்திரம் கற்றோர். கும்பினியும் தலையசைத்தது, தம்பி முறையினரான அமர்சிங் அரியணை ஏறினார். பதினோரு ஆண்டு கழித்து அதே சாஸ்திரம் வேறு பேச்சுப் பேசிற்று! தத்து செல்லும் என்றாயிற்று. 1798-இல் சரபோஜிக்கு மகுடம் வந்தது. சாஸ்திரிகளைக் கேட்டனர்; கும்பினித் துரைமார்களைக் கேட்டனர். ஏர் பிடித்தவனைக் கேட்டனரா? நாற்று நட்டவளைக் கேட்டனரா? கேட்கவில்லை! அதே 1787-இல்தான் பிலடெல்பியாவில் கூடி, ஆட்சியை எப்படி அமைப்பது என்று அரசியல் சட்டம் வரைந்தனர் அமெரிக்கர். அங்கும் கறுப்பின அடிமைகளுக்கு இடமில்லை. அந்தக் கறையை நாம் மறைக்கவில்லை. ஆயினும் கேள்வி அங்கே பிறந்துவிட்டது. இங்கே பிறக்கவில்லை.

சரபோஜியை நாம் குறைத்து மதிப்பிடோம். அமர்சிங் ஆட்சியில் அடைபட்டுக் கிடந்த சிறுவனுக்காக வாதாடியவர், ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ். 1793-இல் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்ட சரபோஜி, அங்கே ஆங்கிலம் கற்றார், அறிவியல் கற்றார். அரசரானதும் ஐரோப்பிய நூல்களை ஆயிரக்கணக்கில் கப்பலில் வரவழைத்தார். அச்சகம் வைத்தார். தன்வந்திரி மகாலில் வைத்தியம் நடந்தது. கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சை, தாளில் குறித்து வைக்கப்பட்டது. ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் சோற்றோடு படிப்பும் மருந்தும் தந்தார். வேந்தர் பலர் வேட்டையில் களித்த காலத்தில், விஞ்ஞானத்தில் களித்தவர் அவர்!

ஆனால், ஆட்சி? 1799-இல் ஒப்பந்தம் ஒன்று நீட்டிற்று கும்பினி. கையெழுத்திட்டார் சரபோஜி. காவிரி பாயும் நாடு கும்பினிக்கு! கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு! பதினைந்து ஆண்டு சென்றபின், நெப்போலியன் வீழ்ந்தான் என்று கேட்டு, ஆங்கிலேயரின் வெற்றிக்காகக் கடற்கரையிலே மனோரா கோபுரம் எழுப்பினார். குடியரசைக் குலைத்து முடிசூடியவன் நெப்போலியன். அவனுக்காக நாம் கண்ணீர் விடவேண்டியதில்லை. எனினும், தன் நாட்டை விழுங்கியவனின் வெற்றிக்குத் தானே எட்டடுக்குக் கோபுரம் எழுப்பும் நிலை இருக்கிறதே, அதை என்னென்பது!

1832 மார்ச்சில் அவர் மறைந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம், இங்கிலாந்து தன் சீர்திருத்தச் சட்டத்தால் வாக்குரிமையின் வாயிலைக் கொஞ்சம் அகலத் திறந்தது. தஞ்சைக்கோ கதவே இல்லை. 1855-இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும், மிச்சமிருந்ததையும் கும்பினி எடுத்துக்கொண்டது. மக்களைக் கேட்டுப் பெறாத மகுடம், மக்களைக் கேட்காமலே பறிபோயிற்று! மன்னர் சேர்த்த நூல்களின் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது 1918-இல்தான். அவ்வளவு காலமும் ஒளி உள்ளே, உழவன் வெளியே. வெளியே அவனுக்குக் கிடைத்ததோ, சவுக்கடியும் சாணிப்பாலும்!

1950-இல் அரசியல் சட்டம் வந்தது. லாக்கும் மாண்டெஸ்கியூவும் ரூசோவும் கேட்ட கேள்விகள், அம்பேத்கர் தலைமையில் அமைந்த வரைவுக் குழுவின் உழைப்பிலே சட்ட வடிவம் பெற்று நம் வாசலுக்கு வந்தன. 1952 தொடக்கத்தில், மிராசுதாருக்கு ஒரு வாக்கு, அவர் பண்ணையாளுக்கும் ஒரு வாக்கு! அதே ஆண்டு ஆகஸ்டில், தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. நினைத்தபோது ஆளை வெளியேற்றும் வழக்கத்துக்குத் தடை. வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. சட்டத்தில் ஓட்டைகள் உண்டு; உழவர் சங்கத்தார் பட்ட பாடுகளும் அதன் பின்னே உண்டு. என்றாலும் எண்ணிப் பாருங்கள்: கற்றறிந்த மன்னருக்கு, கும்பினி போட்ட பங்கு ஐந்தில் ஒன்று. எழுத்தறியா உழவன், வாக்குச் சீட்டும் சங்கமும் கொண்டு பெற்ற பங்கு ஐந்தில் இரண்டு!

சரபோஜியிடம் ஏடு இருந்தது. ஏட்டின் கேள்வியை அரியணையை நோக்கிக் கேட்க மக்கள் மன்றம் இல்லை. நம்மிடம் மன்றம் இருக்கிறது, சீட்டும் இருக்கிறது. ஏட்டை மறந்தோமானால், சீட்டு வெறும் தாளாகும். ஆகவே தோழர்களே, ஊர்ப் படிப்பகத்தின் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீற்றுக் கொட்டகையானாலும், அதன் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது!