புற்றுநோயை எதிர்த்து நின்ற பெண்மணி: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

முன்னுரை

இன்று நகரந்தோறும் புற்றுநோய் நிதிக்காக ஓட்டங்கள் நடைபெறுகின்றன. ஒரே நிறப் பனியன் அணிந்து சிறியவரும் பெரியவரும் ஓடுகின்றனர். அவ்வோட்டங்கள் தோன்றாத காலத்திலேயே நம் தமிழகத்துப் பெண்மணி ஒருவர் புற்றுநோயாளிகளுக்காக மக்களிடம் நிதி கேட்டு நின்றார். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்கள் பூப்பெய்தியதும் படிப்பை நிறுத்திவிடும் காலம் அது. ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர அவர் விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததால் அவர் கல்வி தொடர்ந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சிறப்பாகத் தேறி மருத்துவரானார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

பொதுத் தொண்டு

சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அதன் துணைத் தலைவராகவும் விளங்கினார். 1930இல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்தார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி 1947இல் சட்டமாக நிறைவேறியது. ஆதரவற்ற பெண்களுக்காக அவர் அமைத்த அவ்வை இல்லம் இன்றும் சென்னையில் உள்ளது.

தங்கையின் மரணம்

1923ஆம் ஆண்டு அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று காலத்தில் கண்டறியப்படவில்லை. தமக்கையார் பெயர் பெற்ற மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க முடியவில்லை. இத்துயரம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1925இல் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றவர், புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை அங்கு இயங்குவதைக் கண்டார். அத்தகைய ஒன்று சென்னையிலும் வேண்டும் என உறுதி பூண்டார்.

நிதி திரட்டிய வரலாறு

1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தம் விருப்பத்தை வெளியிட்டார். பிழைக்காத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்கள் பலர். அம்மையார் சோர்ந்துவிடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். செல்வரிடம் மட்டுமன்றிப் பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டப்பட்டது. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. தங்கை இறந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையாருக்கு வயது 67.

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அம்மருத்துவமனையைக் கண்ணெனக் காத்து வளர்த்தனர். டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அதுவே அவர் வாழ்வாக இருந்தது. இன்று அங்கு 500க்கும் மேற்பட்ட படுக்கைகள் உள்ளன. ஏழைகள் பலர் கட்டணமின்றிச் சிகிச்சை பெறுகின்றனர். 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் வழியில் நாங்கள்

1980இல் கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்தும், செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் மீண்டும் தாக்கியதால் ஓட்டத்தை நிறுத்தியவர், அடுத்த ஆண்டு இறந்தார். அவர் நினைவாகப் பல நாடுகளில் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக மக்கள் ஓடுகின்றனர்.

இவ்வாண்டு நாங்களும் மார்பகப் புற்றுநோய் நிதி ஓட்டத்திற்குப் பயிற்சி செய்தோம். முதல் நாள் மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றியதுமே விலா பிடித்துக்கொண்டது. நாள்தோறும் ஒரு சுற்று கூட்டி, இறுதியில் 5 கிலோமீட்டர் ஓடினோம். மாலையில் சகோதரியுடன் ஓசூர் சிப்காட் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்று நிதி கேட்டோம். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் நோயைப் பற்றி விளக்கினோம். வேலை முடிந்து வந்த அக்காமார் 10 ரூபாயும் 20 ரூபாயும் தந்தனர். ஓர் அக்கா மட்டும் சகோதரியைத் தனியே அழைத்துச் சென்று, தம் மார்பில் பல மாதங்களாகக் கட்டி இருப்பதாகவும், வெட்கத்தால் தாயிடம்கூடச் சொல்லவில்லை என்றும் மெல்லக் கூறினார். மறுநாளே சகோதரி அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அது புற்றுநோய் அன்று எனப் பரிசோதனையில் தெரிந்தது. உண்டியலில் சேர்ந்த பணத்தைவிட அச்செய்தியே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

முடிவுரை

அன்புத் தோழியரே! இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோயே. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அன்று. ஆனால் வலியில்லாத கட்டி என்று விட்டுவிடுதல் கூடாது. தோல் சுருங்குதல், காம்பில் நீர் அல்லது இரத்தம் கசிதல் ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணமாக்கலாம். நம் அன்னையர் வீட்டிலுள்ள அனைவரின் உடல்நலத்தையும் பேணித் தம் நலத்தைக் கடைசியில் வைக்கின்றனர். இதழை மூடி வைத்ததும் அவர்களிடம் இதைப் பற்றிப் பேசுவோம். வெட்கத்தால் ஒரு தாயோ தமக்கையோ காலந்தாழ்த்தி உயிரிழக்காமல் காப்பதே, தங்கையை இழந்து தளராது உழைத்த அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.