பேராசிரியர் கொடுத்த கேள்வி: ஜே.சி. குமரப்பா

அந்தமானில் மரைன் ஹில்லில் என் பெண் குடியிருக்கிறாள். போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகிய ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிற்று. மரைன் ஹில் மரைன் ஹில்லாகவே இருக்கிறது. பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பொருளாதாரம் படிக்க மெயின்லேண்டுக்கு வரப் போகிறாள். கப்பலில் சென்னைக்கு மூன்று நாள் பயணம். அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டுமே என்று வீட்டில் எல்லோரும் ஜாதகம் பார்க்கிற மாதிரி கல்லூரிகளின் ராங்க் பட்டியலை அலசிக்கொண்டிருந்தார்கள். ஹாஸ்டல், கட்டணம், வேலைவாய்ப்பு எல்லாம் பேசியாயிற்று. அங்கே பாடம் சொல்லிக்கொடுப்பவர் யார் என்று கேட்டவள் பேத்தி ஒருத்திதான். நல்ல பேராசிரியரைத் தெரிந்துகொள்வது எப்படி என்றும் என்னிடம் கேட்டாள். அவளுக்குச் சொன்ன வரலாற்றையே வாசக அன்பர்களுக்கும் எழுதுகிறேன்.

ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் 1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் பொதுப்பணித்துறை அதிகாரி. கட்டுப்பாடான வீடு, ஆங்கிலப் பழக்கவழக்கங்கள். பிள்ளை லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார், அங்கேயே வேலையும் பார்த்தார். தாயாரின் விருப்பத்துக்காக 1919-இல் ஊர் திரும்பிப் பம்பாயில் தொழில் நடத்தினார். 1924-இல் சொந்தத் தணிக்கை நிறுவனமும் வந்துவிட்டது. கோட்டும் சூட்டும் கைத்தடியுமாக, பணத்துக்குக் குறைவில்லாமல் இருந்தவர். குமரப்பா என்பது குடும்பத்தின் மூதாதையர் பெயர்; அதைப் பிற்பாடுதான் எடுத்துக்கொண்டார்.

1927-இல் அமெரிக்காவுக்குப் போனார். வயது முப்பத்தைந்து. போனது ஓய்வுக்காக. ஆனால் சும்மா இருப்பது அவர் சுபாவத்தில் இல்லை. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மறு வருஷமே வணிக நிர்வாகத்தில் பட்டம் வாங்கிவிட்டார். அதற்கு மேல் பொது நிதி படிக்க நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே அவருக்கு வாய்த்த பேராசிரியர் எட்வின் செலிக்மன்.

செலிக்மனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரிகளைப் பற்றி அந்நாளில் உலகமே மதித்த அறிஞர். வரியைக் கட்டுகிறவர் ஒருவர், அதைச் சுமக்கிறவர் வேறொருவர் என்பதைத் துருவித் துருவி ஆராய்ந்தவர். பேத்திக்கு இதை வெங்காயத்தை வைத்து விளக்கினேன். கப்பலில் வரும் வெங்காயத்துக்கு வாடகை கொடுப்பவர் வியாபாரி. அபர்தீன் பஜாரில் அந்த வாடகையைச் சுமப்பது அவளுடைய அம்மாவின் பர்ஸ். அரசாங்கத்தின் வரியும் இப்படித்தான் கைமாறிக்கொண்டே போய், கடைசியில் யாராவது ஒருவர் தலையில் உட்காருகிறது. அது யார் தலை என்று கண்டுபிடிப்பதுதான் பாடம். டாக்டர் அம்பேத்கரும் 1913-இல் கொலம்பியாவுக்குப் போய் இதே பேராசிரியரிடம் படித்தவர். மாகாண நிதி பற்றி அவர் 1925-இல் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை எழுதியவரும் செலிக்மன்தான்.

நியூயார்க்கில் ஒரு சர்ச்சில் இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று நம் தணிக்கையாளர் ஒரு நாள் பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தது. பேராசிரியர் கண்ணிலும் பட்டது. எடுத்திருந்த விஷயத்தை விட்டுவிட்டு, இந்தியாவின் வறுமைக்கு அரசாங்கத்தின் வரவு செலவில் காரணம் தேடும்படி அவர் யோசனை சொன்னார். இந்த இடத்தைப் பேத்தியிடம் இரண்டு தடவை சொன்னேன். மேடையில் சொன்னதைக் கணக்குப் போட்டுக் காட்டு என்று அவரை உட்கார்த்தி வைத்ததுதான் அந்த ஆசிரியர் செய்த உபகாரம்.

கணக்குப் போட்டதும் தணிக்கையாளர் ஆடிப்போனார். ஏழைகளிடமிருந்து நிலவரி, உப்பு வரி என்று வசூலாகும் பணம் ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் பெரிய உத்தியோகஸ்தர்களின் சம்பளத்துக்கும் போனது. வரி கொடுத்தவர்களிடம் திரும்பி வந்தது சொற்பம். அதுவரை பிரிட்டிஷ் ஆட்சியில் பெரிய குறை கண்டவர் அல்ல அவர். ஐந்தொகை படிக்கத் தெரிந்த கண்ணுக்கு அந்தக் கணக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

1929-இல் ஆய்வுரையோடு ஊர் திரும்பி, அதை அச்சிட ஆள் தேடினார். காந்திஜியிடம் காட்டும்படி நண்பர்கள் சொன்னார்கள். மே 9-ஆம் தேதி சபர்மதிக்குப் போனார். சந்திப்புக்கு நேரம் இருந்ததால் ஆற்றோரம் உலாவினார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். கைத்தடியில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். நீங்கள்தான் குமரப்பாவா என்று கிழவர் விசாரித்த பிறகுதான் அவர் யாரென்று புரிந்தது. பட்டு சூட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வுரை யங் இந்தியாவில் தொடராக வந்தது. ஆனால் காந்திஜி அதோடு விடவில்லை. குஜராத்தில் கேடா ஜில்லாவின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் பொருளாதார ஆய்வு செய்யச் சொன்னார். குஜராத்தி தெரியாது. கிராமத்தில் தங்கிப் பழக்கமும் இல்லை. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு 54 கிராமங்களை ஆராய்ந்தார். அறிக்கை 1931-இல் புத்தகமாயிற்று. என் கணக்கில் அவருடைய இரண்டாவது பேராசிரியர் காந்திஜிதான். இவருக்கு நூலகம் கிராமத்துத் தெரு.

நம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் இதில் பெருமை உண்டு. 1915-இல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மறு வருஷமே மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டார். யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு கடன் என்று அவர்கள் எழுதிவந்தது 1918-இல் நூலாயிற்று. இருவேல்பட்டு முதலிய அதே ஊர்களுக்கு 1930-களிலும் அதற்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பப் போய் வந்திருக்கிறார்கள்.

குமரப்பாவின் மீதிக் காலம் வேகமாக ஓடியது. கதர் உடுத்தார், பல தடவை சிறை போனார். 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எகானமி ஆஃப் பெர்மனன்ஸ் என்ற நூலை எழுதினார். பூமி கொடுப்பதைத் தீர்த்துவிடாமல் வாழும் பொருளாதாரம் எது என்பது அதில் விசாரணை. பிற்பாடு ஷூமாக்கர் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் குமரப்பாவை எடுத்தாண்டிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்தார். கடைசி வருஷங்கள் மதுரைக்கு அருகே தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் கழிந்தன. 1960 ஜனவரி 30, காந்திஜி மறைந்த அதே தேதியில் காலமானார்.

செலிக்மன் கதர்க்காரர் அல்ல. நவீன வருமான வரிக்காக வாதாடிய நியூயார்க் பெரிய மனிதர். அவரிடம் படித்தவர் ராட்டைப் பக்கம் போனார் என்றால், ஆசிரியர் தன் முடிவை மாணவன் தலையில் ஏற்றவில்லை என்றுதானே அர்த்தம்? பட்டியலில் இதற்கு மார்க் கிடையாது.

பேத்தி என்ன நினைத்தாளோ, மறுநாள் மூன்று கல்லூரிகளின் பொருளாதாரத் துறைக்குக் கடிதம் எழுதினாள். ஆசிரியர்கள் சமீபத்தில் எழுதியது என்ன, கடைசி வருஷ மாணவர்கள் எந்தெந்தத் தலைப்பில் ஆய்வு செய்தார்கள், களப்பணி உண்டா என்று கேட்டிருந்தாள். ஒரு துறையிலிருந்து மட்டும் பதில் வந்தது. நீ எதை ஆராய விரும்புகிறாய் என்று திருப்பிக் கேட்டிருந்தார்கள். இரண்டு நாளாக அவள் வெங்காயம் விற்பவர்களிடம் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.