புயலைப் படித்த மாலுமி ஹென்றி பிடிங்டன்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் எடப்பாடிப் பக்கத்திலும் வானிலைச் செய்தி கேட்காமல் யாரும் படுக்கப் போவதில்லை. நமக்குக் கடல் கிடையாது. பூலாம்பட்டியில் ஏறி, காவிரியைக் கடந்து நெரிஞ்சிப்பேட்டையில் இறங்குகிற படகுப் பயணம்தான் நமக்குத் தெரிந்த கடற்பயணம். ஆனாலும் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்றால் தறிக்காரர் பாவு காயுமா என்று பார்க்கிறார், விவசாயி அறுப்பைத் தள்ளிப் போடலாமா என்று யோசிக்கிறார். நாகையிலும் கடலூரிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்ற செய்தியைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். இந்த எச்சரிக்கைக்கெல்லாம் அடித்தளம் போட்டவர்களில் ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் ஹென்றி பிடிங்டன். உலகம் முழுவதும் வழங்கும் 'சைக்ளோன்' என்ற சொல் அவர் தந்ததே.

பிடிங்டன் 1797-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே வணிகக் கப்பல் ஓட்டிக் கப்பல் தலைவராக உயர்ந்தவர். 1830-ஐ ஒட்டி கடல் வாழ்வை விட்டுக் கல்கத்தாவில் குடியேறினார். அங்கே நிலவியல் அருங்காட்சியகம் ஒன்றில் வேலை பார்த்தார். மண், தாவரம், கனிமம் என்று பலவற்றையும் ஆராய்ந்தார். ஆனால் கடலை விட்டு வந்த அவரைக் கடல் விடவில்லை.

அந்தக் காலத்தில் புயலில் சிக்கிய கப்பல் திரும்பி வருவது விதிவசம் என்றே பலரும் நினைத்தார்கள். 1838-இல் வில்லியம் ரீட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, புயல்களின் விதி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். புயல்காற்று நேர்கோட்டில் வீசுவதில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது, அப்படிச் சுழன்றுகொண்டே நகர்கிறது என்பது அதன் சாரம். அதைப் படித்த பிடிங்டனுக்கு ஒன்று உறைத்தது. இது உண்மையானால் புயலின் மையம் எங்கே என்று மாலுமி கணக்கிட்டுவிடலாம். கணக்கிட்டால் விலகிப் போகலாம். விலகினால் உயிர் பிழைக்கலாம்.

1839 ஜூன் மாதம் வங்கக் கடலின் வடகோடியில் வீசிய புயலிலிருந்து அவர் வேலையைத் தொடங்கினார். அன்று செயற்கைக்கோள் இல்லை, கம்பியில்லாத் தந்தி இல்லை. அவரிடம் இருந்தது கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகள் மட்டுமே. எந்த நேரத்தில் எந்தத் திசைக் காற்று, காற்றழுத்தமானி எவ்வளவு இறங்கியது, கப்பல் எங்கே இருந்தது என்று ஒவ்வொரு கப்பலிலும் எழுதி வைப்பார்கள். புயலுக்குத் தப்பி வந்த கப்பல்களின் குறிப்புகளை அவர் கேட்டு வாங்கினார். ஒரே நாளில் ஒரே கடலில் பத்துக் கப்பல்கள் பத்துத் திசைக் காற்றை எழுதியிருந்தன. தனித்தனியே பார்த்தால் குழப்பம். வரைபடத்தில் சேர்த்து வைத்தால் ஒரு சக்கரம். ஒவ்வொரு புயலையும் இப்படி வரைந்து, ஆசியச் சங்கத்தின் இதழில் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுரைகளை ஆண்டுக்கணக்கில் வெளியிட்டார்.

அவற்றில் ஒன்று 'சார்லஸ் ஹெடில்' என்ற கப்பலின் கதை. 1845 பிப்ரவரியில் மொரிசியஸ் தீவுக்கு அருகே புயலில் மாட்டிய அந்தக் கப்பல், காற்று தள்ளிய திசையிலேயே ஓடியது. தப்பித்துப் போவதாகக் கப்பலில் இருந்தவர்கள் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் ஐந்து நாட்களில் புயலின் மையத்தை ஐந்து முறை சுற்றி வந்திருந்தது என்பதை, அதன் நாட்குறிப்பை வைத்துப் பிடிங்டன் காட்டினார். செக்கு மாடு போல ஓடிக் களைத்த அந்தக் கப்பலே, புயல் சுழல்கிறது என்பதற்குச் சாட்சியாயிற்று.

1848-இல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. மாலுமிகளுக்கான அரிச்சுவடி என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தார். புயலின் வேகத்தைக் குறிக்க ஒவ்வொரு கப்பல் தலைவரும் ஒவ்வொரு சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஒருவருக்குப் பலத்த காற்று, இன்னொருவருக்குச் சூறாவளி. ஆகவே வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல், சுழற்சியை மட்டும் சொல்லும் ஒரு சொல் வேண்டுமென்று, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை உருவாக்கினார்.

அந்த நூலோடு, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளும் இருந்தன. பூமியின் வடபாதிக்கு ஒன்று, தென்பாதிக்கு ஒன்று. தகட்டில் காற்றுத் திசைகள் வட்டமாக வரையப்பட்டிருக்கும். மாலுமி தன் வரைபடத்தின் மேல் தகட்டை வைத்து, தன் கப்பலில் வீசும் காற்றும் தகட்டின் காற்றும் ஒன்றுபடும்படி நகர்த்தினால், நடுப்புள்ளி புயலின் மையத்தைக் காட்டிவிடும். நம் பக்கத்துக் கடல்களில், காற்று வரும் திசையைப் பார்த்து நின்றால் மையம் ஏறக்குறைய வலக்கைப் பக்கம் இருக்கும். அதிகம் படிக்காத மாலுமியும், ஆடுகிற கப்பலில், நனைந்த கையோடு பயன்படுத்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். இதுவே அவருடைய தனிச்சிறப்பு என்று நாம் எண்ணுகிறோம். அறிவாளிகள் பாராட்டும்படி எழுதிவிட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. யாருக்குத் தேவையோ அவர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றங்களின் தலைவராகவும் பணியாற்றியதால், புயலில் ஒரு தவறான முடிவுக்கு எத்தனை உயிர் விலையாகிறது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

இப்படிப்பட்டவருடைய பேச்சும் ஒருமுறை எடுபடாமல் போனது.

ஹூக்ளி ஆறு தூர்ந்து கல்கத்தாத் துறைமுகம் பயனற்றுப் போகுமோ என்று அன்றைய அரசு அஞ்சியது. அதனால் தெற்கே சுந்தரவனப் பகுதியில், மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டும் யோசனை எழுந்தது. 1853-இல் பிடிங்டன் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு ஒரு கடிதம் எழுதி அச்சிட்டார். காற்றைவிடக் கொடியது புயலோடு எழும்பி வரும் கடல்நீர் என்றும், ஒருநாள் ஐந்து முதல் பதினைந்து அடி ஆழத்துக்கு அந்தக் குடியிருப்பு முழுவதும் மூழ்கும் என்றும் எச்சரித்தார். அவர் கற்பனையாகப் பேசவில்லை. 1789-இல் கோதாவரி முகத்துவாரத்தருகே கோரிங்காவில் மூன்று பேரலைகள் ஊரையே விழுங்கிய வரலாற்றை அவர் ஆராய்ந்திருந்தார். அந்த எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தவில்லை. பிடிங்டன் 1858-இல் கல்கத்தாவில் இறந்தார். அதன்பின் துறைமுகம் எழுந்தது. ரயில் பாதை வந்தது. கானிங் பிரபுவின் பெயரும் சூட்டப்பட்டது. 1867 நவம்பர் முதல் தேதி புயல் வந்தது. சுமார் ஆறு அடி உயரத்துக்குக் கடல்நீர் ஊருக்குள் பாய்ந்தது. சில ஆண்டுகளில் அந்தத் துறைமுகம் கைவிடப்பட்டது.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1864 அக்டோபர் 5-ஆம் தேதி கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது.

கானிங் துறைமுகம் அழிந்த அதே 1867 நவம்பரில் நாம் மறக்கக்கூடாத வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. பெல்ஜியம் நாட்டிலிருந்து 1865-இல் கல்கத்தா வந்த இயேசு சபைத் துறவி அருட்தந்தை யூஜின் லபோன், தூய சவேரியார் கல்லூரியில் வானிலைக் கருவிகளை வைத்து நாள்தோறும் குறித்து வந்தார். புயல் வருவதை அவர் முன்கூட்டியே அறிந்து சொன்னார். அதிகாரிகள் செவிசாய்த்தார்கள். பல உயிர்கள் தப்பின. பின்னர் 1876-இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்காருடன் இணைந்து கல்கத்தாவில் அறிவியல் சங்கம் தொடங்கத் துணைநின்றவரும் இவரே. நம் திருச்சி மண்ணில் பிறந்த சர் சி.வி. இராமன் 1928-இல் தம் கண்டுபிடிப்பைச் செய்தது அந்தச் சங்கத்தின் கூடத்தில்தான். ஒரே மாதம், ஒரே கடற்கரைப் பகுதி. முன்பே சொன்ன ஒருவரைக் கேட்காத இடம் பாழானது. சொன்ன இன்னொருவரைக் கேட்ட இடத்தில் உயிர்கள் பிழைத்தன.

திருத்தூதர் பணிகள் நூலில் தூய பவுல் உரோமைக்குக் கைதியாகப் போன பயணத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். பயணத்தைத் தொடர்ந்தால் ஆபத்து என்று பவுல் சொன்னார். நூற்றுவர் தலைவரோ கப்பல் தலைவரையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினார். கப்பல் உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது இறைவனின் இரக்கம்.

நம் காலத்துக்கு வருவோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் எழுந்தபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. குமரி மாவட்டக் கடற்கரைப் பங்குகளில் எத்தனையோ குடும்பங்கள் தந்தையையும் மகனையும் இழந்தன. அடுத்த ஆண்டு நவம்பரில் கஜா புயல் நாகைக் கரையைத் தாக்கியபோது, எச்சரிக்கை சில நாட்களுக்கு முன்பே வந்தது. பல்லாயிரம் பேர் முகாம்களுக்குப் போயிருந்தார்கள். வீடும் தென்னையும் போயின. ஆனாலும் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன.

ஆகவே புயலை அறிவது பாதி வேலைதான். அறிந்ததைக் கடலில் இருப்பவனுக்கு அவன் மொழியில், அவன் கைக்கு எட்டும்படி சேர்ப்பது மறுபாதி. கொம்புத் தகட்டைக் கையில் கொடுத்த பிடிங்டன் அந்த மறுபாதிக்காகவே உழைத்தார். வேளாங்கண்ணிக்குப் புறப்படும்போது புயல் செய்தி வந்தால், வேண்டுதல் தள்ளிப் போகிறதே என்று முகம் சுளிக்காமல், பயணத்தைத் தள்ளி வைப்போம். அந்தச் செய்திக்குப் பின்னால், புயலில் நனைந்த நாட்குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிய ஒரு மாலுமியின் உழைப்பு இருக்கிறது.